வெயிலை உள்ளே கொண்டு வந்தவர்

சினிமாக் கொட்டகையில் விளக்கு அணைகிறது. திரையில் வெளிச்சம் வருகிறது. முதலில் பெயர்கள் வருகின்றன. நடிகர் பெயர் வந்தால் கைதட்டல் எழும். நடிகை பெயர் வந்தால் விசில் பறக்கும். அடுத்து இன்னொரு பெயர் வரும். அதற்கு மேலே "ஒளிப்பதிவு" என்று எழுதியிருக்கும். அந்த நேரத்தில் பலர் தங்கள் இருக்கையைத் தேடிக் கொண்டிருப்பார்கள். சிலர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கொண்டிருப்பார்கள். அந்தப் பெயரை யாரும் கவனிப்பதில்லை.

ஆனால் திரையில் நாம் காணும் ஒவ்வொரு படமும் அவர் கை வழியாகத்தான் வருகிறது. அவர் தான் ஒளிப்பதிவாளர். காமிராமேன் என்றும் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட ஒருவருடைய வாழ்க்கை இது. அவர் பெயர் வி. கே. மூர்த்தி. மைசூரில் பிறந்தவர். பெங்களூரில் தொழில் கற்றவர். பம்பாயில் புகழ் பெற்றவர். கடைசிக் காலத்தில் பெங்களூருக்கே திரும்பி வந்தவர்.

விளக்கும் நிழலும்

ஒளிப்பதிவாளர் என்ன வேலை செய்கிறார்? காமிராவின் பொத்தானை அழுத்துவதுதானே என்று தோன்றும். அது இல்லை. இன்று இரவு உங்கள் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள்.

ஒரு கைவிளக்கை எடுத்துக் கொள்ளுங்கள். மற்ற விளக்குகளை அணைத்து விடுங்கள். வீட்டில் ஒருவரை எதிரே உட்கார வையுங்கள். விளக்கை அவர் முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். முகம் முழுவதும் தெளிவாகத் தெரியும்.

இப்போது விளக்கைத் தாடைக்குக் கீழே கொண்டு போங்கள். அதே முகம் பேய் முகம்போல் ஆகிவிடும். குழந்தைகள் பயப்படுவார்கள்.

விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அவர் ஏதோ கவலையில் இருப்பதுபோல் தோன்றும்.

கடைசியாக விளக்கை அவர் தலைக்குப் பின்னால் பிடியுங்கள். முகம் தெரியாது. தலைமுடியின் ஓரத்தில் மட்டும் ஒளி மின்னும்.

முகம் மாறவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. விளக்கின் இடம்தான் மாறியது. ஆனால் பார்ப்பவர் மனத்தில் அச்சம், கவலை, அழகு என்று மூன்று விதமான எண்ணங்கள் வந்தன. ஒளிப்பதிவாளரின் வேலை இதுதான். எங்கே வெளிச்சம் வேண்டும், எங்கே இருட்டு வேண்டும் என்று அவர் முடிவு செய்கிறார். ஓவியர் வண்ணத்தால் படம் வரைகிறார். ஒளிப்பதிவாளர் வெளிச்சத்தால் வரைகிறார்.

மூர்த்தி தொழிலுக்கு வந்தபோது பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் எதுவும் இல்லை. வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். அந்த இரண்டை வைத்தே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. இன்று எடுத்த காட்சியை உடனே ஒரு சிறு திரையில் பார்த்து விடலாம். அன்று அப்படி இல்லை. படச்சுருளில்தான் எடுப்பார்கள். ஒரு நொடிக்கு 24 படங்கள் வீதம் அந்தச் சுருளில் பதியும். சுருளைக் கழுவிய பிறகுதான் காட்சி எப்படி வந்திருக்கிறது என்று தெரியும். வெளிச்சக் கணக்கு தவறினால் அன்றைய உழைப்பும் பணமும் வீண். அதனால் ஒளிப்பதிவாளர் தன் கண்ணையும் அனுபவத்தையும் நம்பித்தான் வேலை செய்ய வேண்டும்.

பெங்களூரில் படிப்பு

மூர்த்தி 1923ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் மைசூரில் பிறந்தார். அன்று மைசூர் மன்னராட்சியில் இருந்தது. சிறு வயதிலேயே அவர் வயலின் கற்றுக் கொண்டார். நன்றாக வாசிப்பார். மாணவராக இருந்தபோது விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்தார். சிறைக்கும் சென்றார்.

அவருக்குச் சினிமாவில் வேலை செய்ய ஆசை. அன்று சினிமாத் தொழிலைப் பள்ளியில் கற்பது மிகவும் அரிது. யாராவது ஒரு காமிராமேனிடம் எடுபிடியாகச் சேர வேண்டும். பெட்டி தூக்க வேண்டும். பார்த்துப் பார்த்துக் கற்க வேண்டும்.

ஆனால் பெங்களூரில் ஒரு புது வழி திறந்தது. 1943இல் அங்கே ஒரு தொழிற்கல்வி நிலையம் தொடங்கியது. அதற்கு முன்னின்று உழைத்தவர் சர் எம். விசுவேசுவரய்யா. கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டிய அதே பொறியாளர்தான். கைத்தொழிலையும் இயந்திரத் தொழிலையும் இளைஞர்கள் முறையாகக் கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக் என்று அந்தக் கல்வி நிலையம் பெயர் பெற்றது. அங்கே ஒளிப்பதிவும் ஒரு பாடம்.

மூர்த்தி அதில் சேர்ந்தார். 1946இல் படிப்பை முடித்துப் பட்டயம் பெற்றார். அந்தப் படிப்பை முடித்த முதல் மாணவர்களில் அவரும் ஒருவர். புனேயில் உள்ள புகழ் பெற்ற திரைப்படக் கல்லூரி 1960இல்தான் தொடங்கியது. அதற்கு 14 ஆண்டுகள் முன்பே மூர்த்தி படித்து முடித்து விட்டார்.

ஒரு கண்ணாடி தந்த வாய்ப்பு

படித்து முடித்ததும் பம்பாய்க்குப் போனார். இன்று அதை மும்பை என்கிறோம். இந்திப் படங்கள் எடுக்கும் ஊர். பட்டயம் கையில் இருந்தாலும் உடனே காமிராவைக் கொடுத்து விடவில்லை. உதவியாளராகத்தான் வேலை கிடைத்தது. ஃபாலி மிஸ்திரி என்ற பெரிய ஒளிப்பதிவாளரிடம் வேலை செய்தார். அவரையே தன் குருவாக நினைத்தார்.

1951இல் "பாஜி" என்ற இந்திப் படம் தயாரானது. கதாநாயகன் தேவ் ஆனந்த். இயக்குநர் குருதத். அதுதான் குருதத் இயக்கிய முதல் படம். ஒளிப்பதிவாளர் வி. ராத்ரா. மூர்த்தி அவருக்கு உதவியாளர்.

ஒரு பாடல் காட்சி. கண்ணாடியில் தெரியும் உருவத்தில் காமிரா தொடங்க வேண்டும். பிறகு நகர்ந்து வர வேண்டும். மூர்த்திக்கு இந்த யோசனை தோன்றியது. தயங்காமல் சொன்னார். செய்வதற்குக் கடினமான காட்சி. ராத்ரா பெருந்தன்மையுள்ளவர். மூர்த்தியையே காமிராவை இயக்கச் சொன்னார். காட்சி நன்றாக வந்தது. குருதத்துக்கு அது மிகவும் பிடித்தது. அடுத்த படத்துக்கு மூர்த்திதான் ஒளிப்பதிவாளர் என்று முடிவு செய்து விட்டார்.

அந்த அடுத்த படம் "ஜால்". 1952இல் வந்தது. அதிலிருந்து குருதத்தும் மூர்த்தியும் இணைபிரியாமல் வேலை செய்தார்கள். குருதத் பெங்களூரில் பிறந்தவர். 1925இல் பிறந்தார். ஒருவர் மனத்தில் நினைப்பதை மற்றவர் வெளிச்சத்தில் காட்டினார். "ஆர் பார்", "மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55", "பியாசா" என்று படங்கள் வரிசையாக வந்தன.

"பியாசா" 1957இல் வந்தது. பியாசா என்றால் தாகம் கொண்டவன் என்று பொருள். யாரும் மதிக்காத ஒரு கவிஞனின் கதை. அவன் இறந்து விட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள். அதன் பிறகே அவனுக்குப் புகழ் வருகிறது. அவன் நினைவுக்காக ஒரு பெரிய கூட்டம் நடக்கிறது. அந்த மண்டபத்தின் வாசலில் அவனே வந்து நிற்கிறான். கைகளை விரித்து நிற்கிறான். பின்னாலிருந்து ஒளி வருகிறது. முகம் தெரியவில்லை. உருவம் மட்டும் தெரிகிறது. கைவிளக்கைத் தலைக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தோம் அல்லவா? அதே முறைதான். உயிரோடு இருந்தும் உலகத்துக்குச் செத்தவனாகி விட்ட மனிதனை அந்த ஒளி காட்டி விட்டது.

அகலத் திரை

1959இல் குருதத் "காகஸ் கே பூல்" என்ற படம் எடுத்தார். காகிதப் பூக்கள் என்று பொருள். இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் அது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் "ராஜராஜ சோழன்". அது வந்தது 1973இல்.

சினிமாஸ்கோப் என்றால் என்ன? பழைய படங்களின் திரை ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். சினிமாஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் படச்சுருளின் அகலம் அதே பழைய அகலம்தான். அகலமான காட்சி அதில் எப்படி அடங்கும்?

அதற்கு ஒரு தனி லென்ஸ் உண்டு. அது காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிச் சுருளில் பதியும். அந்தச் சுருளை எடுத்துப் பார்த்தால் மனிதர்கள் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். கொட்டகையில் படம் காட்டும் கருவியிலும் ஒரு லென்ஸ் இருக்கும். அது நெருக்கியதை மறுபடி விரித்துக் காட்டும். மனிதர்கள் பழையபடி ஆகி விடுவார்கள். பாயைச் சுருட்டி எடுத்துப் போய் வேறு இடத்தில் விரிப்பதுபோல்தான்.

திரை அகலமானால் இடமும் அதிகம். இரண்டு பேர் மட்டும் நிற்கும் காட்சியில் மீதி இடம் வெறுமையாகத் தெரியும். மூர்த்தி அந்த வெறுமையையே பயன்படுத்திக் கொண்டார். அந்தப் படம் தனிமையைப் பற்றியது. வெறுமையான இடம் தனிமையைக் காட்டியது.

வெயிலைப் பிடித்த கதை

"காகஸ் கே பூல்" ஒரு சினிமா இயக்குநரின் கதை. குருதத்தே அந்த வேடத்தில் நடித்தார். கதாநாயகி வஹீதா ரஹ்மான். செங்கல்பட்டில் பிறந்தவர். கதையில் இருவருக்கும் அன்பு உண்டு. ஆனால் சேர முடியாது. ஆள் இல்லாத ஒரு ஸ்டுடியோவில் இருவரும் விலகி நிற்கிறார்கள். வாய் திறந்து பேசவில்லை. பின்னணியில் கீதா தத் பாடுகிறார். அந்தக் காட்சியில் மேலிருந்து ஓர் ஒளிக்கற்றை இறங்கி வருகிறது.

இந்த ஒளியை எப்படி உண்டாக்குவது? ஸ்டுடியோவின் கூரை வழியாக வந்த வெயிலைக் குருதத் பார்த்திருந்தார். அதே மாதிரி ஒளி வேண்டும் என்று மூர்த்தியிடம் கேட்டார்.

ஸ்டுடியோவில் பெரிய பெரிய விளக்குகள் உண்டு. அவற்றில் ஒன்றைப் போட்டால் போதாதா? போதாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

கைவிளக்கைச் சுவரில் அடித்துப் பாருங்கள். பக்கத்தில் நின்றால் சிறு வட்டம் விழும். தூரப் போனால் வட்டம் பெரிதாகும். விளக்கின் ஒளி போகப் போக விரியும். அதனால்தான் அப்படி. ஆனால் சூரியன் வெகு தூரத்தில் இருக்கிறது. சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரம். அதனால் சூரியக் கதிர்கள் நம்மிடம் வரும்போது ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக வருகின்றன. தண்டவாளம்போல் நேராக வருகின்றன.

ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். கூரையின் சிறு துளை வழியாக வெயில் இறங்கும். அடுப்புப் புகையில் அது ஒரு வெள்ளிக் கம்பி மாதிரி தெரியும். தூசி அதில் மிதக்கும். புகையோ தூசியோ இல்லாவிட்டால் அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது.

விளக்கால் அந்தக் கம்பியைச் செய்ய முடியாது. ஆகவே வெயிலையே உள்ளே கொண்டு வர வேண்டும். மூர்த்தி என்ன செய்தார்? இரண்டு பெரிய கண்ணாடிகளை எடுத்துக் கொண்டார். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிதான், ஆனால் மிகப் பெரியவை. ஒன்றை வெளியே வெயிலில் வைத்தார். இன்னொன்றை ஸ்டுடியோவின் உள்ளே உயரத்தில் வைத்தார். வெளியே உள்ள கண்ணாடியில் பட்ட வெயில் உள்ளே இருந்த கண்ணாடிக்கு வந்தது. அங்கிருந்து திரும்பிக் கீழே இறங்கியது. நேரான, வலிமையான ஒளித்தூண் கிடைத்தது!

சிறுவர்கள் வெயிலில் கண்ணாடியைக் காட்டி எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் அடித்து விளையாடுவார்கள். அதே விளையாட்டுத்தான் இது. ஆனால் விளையாட்டுப் போலச் சுலபம் இல்லை. சூரியன் ஓர் இடத்தில் நிற்காது. அது நகர நகரக் கண்ணாடியையும் திருப்ப வேண்டும். மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும். கண்ணாடியைத் தூக்கவும் பிடிக்கவும் திருப்பவும் ஆட்கள் வேண்டும். திரையில் அழகு தெரிகிறது. அந்த உழைப்பு தெரிவதில்லை.

இன்றும் ஒளிப்பதிவு கற்கும் மாணவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்துப் பாடம் கற்கிறார்கள்.

தோற்ற படமும் வென்ற கலையும்

அப்படிப்பட்ட படம் எப்படி ஓடியது? ஓடவில்லை. மக்கள் அதை ஏற்கவில்லை. பெரும் நட்டம் ஏற்பட்டது. குருதத் மனம் உடைந்து போனார். அதன் பிறகு எந்தப் படத்திலும் இயக்குநர் என்று தன் பெயரைப் போட்டுக் கொள்ளவில்லை.

படம் தோற்றது. ஆனால் மூர்த்தியின் வேலை தோற்கவில்லை. அந்தப் படத்துக்காகச் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குக் கிடைத்தது.

பிறகு 1962இல் "சாஹிப் பீபி அவுர் குலாம்" வந்தது. குருதத் தயாரித்தார். அப்ரார் அல்வி இயக்கினார். அதில் ஒரு நடனக் காட்சி. நடுவில் ஒரு பெண் ஆடுகிறாள். சுற்றிலும் பல பெண்கள் ஆடுகிறார்கள். சுற்றி ஆடும் பெண்களின் தோற்றம் குருதத்துக்கு நிறைவாக இல்லை. வேறு யாராக இருந்தாலும் ஆட்களை மாற்றச் சொல்லியிருப்பார்கள். மூர்த்தி ஆட்களை மாற்றவில்லை. வெளிச்சத்தை மாற்றினார். நடுவில் ஆடுபவள் மீது மட்டும் முழு ஒளி. மற்றவர்கள் நிழலில் ஆடினார்கள். அவர்களுடைய அசைவு மட்டும் தெரிந்தது. குறையாக இருந்ததே அழகாகி விட்டது. அந்தப் பெண்களின் பிழைப்பும் போகவில்லை. இந்தப் படத்துக்கும் மூர்த்திக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

1964இல் குருதத் இறந்தார். அவருக்கு வயது 39 மட்டுமே. மூர்த்திக்கு அது பெரிய இழப்பு. இருவரும் சேர்ந்து வேலை செய்த காலம் அதோடு முடிந்தது.

கற்பதும் கற்பிப்பதும்

மூர்த்தி வேலையை விடவில்லை. கற்பதையும் விடவில்லை. குருதத் இருந்த காலத்திலேயே, கறுப்பு வெள்ளையில் பெரிய பெயர் எடுத்த பிறகும், வண்ணப்படம் எடுப்பதைக் கற்க லண்டன் போயிருந்தார். அங்கே "தி கன்ஸ் ஆஃப் நவரோன்" என்ற ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பைக் கூட இருந்து பார்த்தார். விருது வாங்கும் நிலைக்கு வந்தவர் மறுபடி மாணவரானார்.

பிறகு "லவ் இன் டோக்கியோ", "ஜுக்னு" முதலிய வண்ணப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். தூர்தர்ஷனில் 1988இல் வந்த "பாரத் ஏக் கோஜ்" தொடரிலும் அவர் உழைப்பு உண்டு. நேரு எழுதிய நூலைத் தழுவி எடுத்த தொடர் அது. ஷியாம் பெனகல் இயக்கினார்.

அவரிடம் பல இளைஞர்கள் தொழில் கற்றார்கள். அவர்களில் ஒருவர் கோவிந்த் நிஹலானி. அவரும் அதே பெங்களூர்ப் பாலிடெக்னிக்கில் படித்தவர். மூர்த்தியிடம் உதவியாளராக இருந்தார். பிறகு புகழ் பெற்ற இயக்குநர் ஆனார்.

மூர்த்தி மைசூரில் பிறந்தவர். ஆனால் அவர் வேலை செய்தவை பெரும்பாலும் இந்திப் படங்கள். 1993இல் "ஹூவு ஹண்ணு" என்ற கன்னடப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 70 வயது.

பிறகு ஓய்வு பெற்றுப் பெங்களூருக்கு வந்து விட்டார். சங்கரபுரம் பகுதியில் வாழ்ந்தார்.

86 வயதில் வந்த பெருமை

இந்தியச் சினிமாவின் மிக உயர்ந்த விருது தாதாசாகேப் பால்கே விருது. மத்திய அரசு தருவது. இந்தியாவில் தொடக்க காலத்தில் படம் எடுத்த பால்கேயின் பெயரில் அமைந்தது. 1969ஆம் ஆண்டுக்கான முதல் விருதை நடிகை தேவிகா ராணி பெற்றார்.

அதன் பிறகு ஆண்டுதோறும் பலர் பெற்றார்கள். நடிகர்கள் பெற்றார்கள். இயக்குநர்கள் பெற்றார்கள். தயாரிப்பாளர்கள், இசையமைப்பாளர்கள், பாடகர்கள் பெற்றார்கள். ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஓடி விட்டன. ஒளிப்பதிவாளர் ஒருவர்கூடப் பெறவில்லை. அவர்கள் இல்லாமல் ஒரு படமும் இல்லை. ஆனாலும் அவர்களை யாரும் நினைக்கவில்லை.

2008ஆம் ஆண்டுக்கான விருது 2010 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அது வி. கே. மூர்த்திக்கு! இந்த விருதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 86. அதே ஆண்டு டெல்லியில் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் விருதை வழங்கினார். தங்கத் தாமரைப் பதக்கமும் 10 லட்சம் ரூபாயும் சால்வையும் அடங்கிய விருது அது.

அது மூர்த்திக்கு மட்டும் கிடைத்த பெருமை அல்ல. காமிராவுக்குப் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் கிடைத்த பெருமை. விளக்கைத் தூக்கும் லைட்மேனுக்கும், கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 ஏப்ரல் 7ஆம் நாள், மூர்த்தி பெங்களூரில் காலமானார். அவருக்கு வயது 90.

தோற்றுப் போன "காகஸ் கே பூல்" படத்தை இன்று உலகம் முழுவதும் கொண்டாடுகிறார்கள். அன்று பாராட்டாதவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைப் பார்க்கிறார்கள். நன்றாகச் செய்த வேலை அழிவதில்லை. அதன் மதிப்பு தெரியச் சில நேரம் 50 ஆண்டுகள் ஆகின்றன.

நம் ஊரிலும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். வீடு கட்டிய கொத்தனாரின் பெயர் சுவரில் இல்லை. சேலை நெய்தவரின் பெயர் சேலையில் இல்லை. ஆனால் சுவர் நிற்கிறது. சேலை மின்னுகிறது.

அடுத்த முறை சினிமாவுக்குப் போகும்போது கொஞ்சம் முன்னதாகவே உட்கார்ந்து விடுங்கள். பெயர்கள் வரும். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். "ஒளிப்பதிவு" என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்குக் கீழே இருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பிறகு திரையைப் பாருங்கள். முகத்தில் விழும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். அங்கேதான் அவர் நிற்கிறார்.